பெருவிரல் விளக்கம்

“பிளீஸ் ட்ரை எகெய்ன்” என்றது மெசின்.

பெற்றிசியா பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“பிளீஸ் ட்ரை எகெய்ன்.”

“அரக்கி நில் பிள்ளை, நேரம் போகுது” என்று பின்னால் நின்ற றஞ்சிதம் தன் விரலை வைத்தாள்.

“தேங்க் யூ.”

கந்தோரில் விரல் வைத்து வரவு பதியும் எல்லாருக்கும் நன்றி சொல்லும் அந்த மெசின், புதிதாகச் சேர்ந்த பெற்றிசியாவை மட்டும் ஆளாக மதிப்பதில்லை. பிழை மெசினில் இல்லை. சேர்ந்த அன்று பதிந்துகொண்ட ரேகை இப்போது விரலில் இல்லை. பயம் வந்தால் பெருவிரல் தோலை உரிப்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்த பழக்கம். இப்போது பயப்படுவதற்கென்றே ஒரு வேலையும் கிடைத்திருந்தது.

பிரதம லிகிதர் முஹைதீன், கடிதக் கோவை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

“விரலைக் காட்டும்.”

காட்டினாள். செக்கச் செவேலென்று இருந்தது.

“எப்ப உரிச்சனீர்?”

“தெரியாது சேர்.”

“விளக்கம் எழுதித் தாரும். எத்தனை மணி, எந்த இடம், என்ன காரணம். தெரியாதெண்டு எழுதினால் திருப்பித் தருவன்.”

அதுதான் முதல் கடிதம்.

நியமனம் நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் வரவில் குறை விழுந்தால் எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். பாப்பாமோட்டையில் பாரிசவாதத்தில் படுத்திருக்கும் தகப்பனுக்கு இரவுச் சாப்பாட்டை வாயில் தீத்த அவளை விட்டால் ஆளில்லை. பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பக்கூடிய கந்தோர் இது ஒன்றுதான்.

இதை நினைக்க நினைக்கத் தோல் இன்னும் உரிந்தது.

‘நேற்று மாலை 5.10க்கு, பாலத்தடியில் பஸ் நின்றபோது, வீட்டுக்குப் பிந்திவிடுவேன் என்ற பயத்தில், எனது வலது பெருவிரல் தோலை நானே உரித்தேன் என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகிறேன்.’

முஹைதீன் வாசித்துவிட்டு, ‘பயத்தில்’ என்ற சொல்லின் கீழ் சிவப்புக் கோடு இழுத்தார்.

“பஸ் நிண்டது உம்மட பிழையோ?”

“இல்லை சேர்.”

“விரலின்ர பிழையோ?”

“இல்லை சேர்.”

“அப்ப அதை ஏன் தண்டிச்சனீர்? போய் வேலையைப் பாரும்.”

தேத்தண்ணி நேரம் றஞ்சிதத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“தான் பெத்த பிள்ளையெண்டால் இப்பிடி எழுத விடுவாரோ? அந்த மனிசன் விரல் வைக்கிறதை ஆராவது கண்டனீங்களோ? எல்லாருக்கும் முன்னம் வந்து குந்தியிருக்கும். பெரியாக்களுக்கு மெசின் இல்லை, எங்களுக்குத்தான் சட்டம். நீ ஒரு பிளாஸ்ரர் ஒட்டன் பிள்ளை.”

“பிளாஸ்ரரையும் உரிக்கிறன் அக்கா.”

கடிதங்கள் தொடர்ந்தன. பன்னிரண்டாவதில் அவள் எழுதினாள்: ‘நேற்றுக் காலை 10.40க்கு உரிக்கப் போனேன். இதை எழுதவேண்டி வருமே என்று கையை எடுத்துவிட்டேன். 2.15க்கு மறந்துபோய் உரித்தேன்.’

“உரிக்காததுக்கு நான் விளக்கம் கேக்கேல்லை” என்றார் முஹைதீன். ஆனாலும் கோவையில் போட்டார்.

இருபத்து மூன்றாவது கடிதத்துக்கு அடுத்த நாள், பெற்றிசியா கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள்.

“தேங்க் யூ.”

கந்தோர் முழுக்கக் கை தட்டியது. றஞ்சிதம் அவளைக் கட்டிப் பிடித்தாள். முஹைதீன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“எட்டரையாச்சு. எல்லாரும் இருங்கோ.”

அந்தக் கிழமையே மெசின் பார்க்கக் கொம்பனி ஆள் கிறகரி வந்தான். திரையைத் தட்டிக்கொண்டே பெற்றிசியாவிடம் கேட்டான்.

“என்ன மிஸ், உங்களுக்கு ஒரு விரல்தானோ பதிஞ்சிருக்கு? பத்தும் பதியலாமே. அது எடுக்கேல்லையெண்டால் இது. ரெண்டு நிமிச வேலை. உங்கட பிரச்சினை துடங்கின அண்டைக்கே சேருக்குப் போனில சொன்னனான்.”

பெற்றிசியா நேரே முஹைதீனின் மேசைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால், சண்டை பார்க்க றஞ்சிதமும் போனாள்.

“மற்ற விரல் பதியலாமெண்டு உங்களுக்குத் தெரியுமோ சேர்?”

“தெரியும்.”

“பிறகேன் இருபத்து மூண்டு கடிதம்? அவ்வளவும் மேலிடத்துக்குப் போயிருக்கும். என்ர நியமனம் என்னாகிறது?”

“உம்மட தோல் மேலிடத்துக்கு என்னத்துக்கு?”

மேசை லாச்சியைத் திறந்து கோவையை எடுத்தார். இருபத்து மூன்று கடிதங்களும் அப்படியே இருந்தன. மேலே ஒரு தாள். மெசின் எடுக்காத ஒவ்வொரு நாளும் அவள் வந்த நேரம், எதிரே ‘நான் கண்டேன்’ என்று அவருடைய கையெழுத்து.

“மேலிடத்துக்குப் போனது இதின்ர பிரதிதான். கடிதங்களை நீர் கொண்டு போம்.”

கோவையை அவள் பக்கம் தள்ளியபோதுதான், எப்போதும் கோவைக்குப் பின்னால் மறைந்தே இருந்த அந்தக் கைகளை அவள் முதன்முதலாகக் கிட்டத்தில் கண்டாள். நகங்கள் பாதிதான் இருந்தன. பத்து விரல் நுனிகளும் தேய்ந்த சவர்க்காரம் மாதிரி, ஒரு கோடும் இல்லாமல் இருந்தன.

“நானும் பெருவிரலிலதான் துடங்கினனான்” என்றார் முஹைதீன். “மெசின் எடுக்கேல்லை. பாவமெண்டு அடுத்த விரலைப் பதிஞ்சு தந்தவை. அதையும் முடிச்சன். திரும்பவும் பாவமெண்டு அதுக்கடுத்தது.”

கைகளை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார்.

“இப்ப மெசினில எனக்கு விரல் இல்லை, வெறும் இலக்கம்தான், பிள்ளை. நீங்கள் வர முன்னம் வந்து அதை அமத்திப் போட்டு இருக்கிறன்.”