முகம் கேட்கும் பூட்டு

தாங்கள் சேர்ந்து செய்து பாதி முடிந்திருந்த உப்பளக் கணினி விளையாட்டை எப்படி விற்பது என்பதில் மாசானத்துக்கும் அவன் மச்சினன் பிச்சையாவுக்கும் மல்லுக்கட்டு. மிச்சத்தை விளையாடுகிறவர்கள் சொல்லச் சொல்ல முடித்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

“பூட்டில்லாமக் குடுப்போம் அத்தான். வாங்குனவனுக்கு அது சொந்தமா இருக்கட்டும்” என்றான் பிச்சையா.

“ஊரு பூரா திருட்டுப்பயலுவ மாப்ள!” என்று ஒற்றைக்காலில் நின்ற மாசானம், ஆளின் முகம் பார்த்துத் திறக்கும் தளத்திலேயே அதை ஏற்றிவிட்டான். ஏற்றினால் ஏற்றியதுதான், திரும்ப எடுக்க முடியாது.

அந்த வருசமே பிச்சையா வேலைபார்த்த உப்பு ஆலையில் கொதிகலன் வெடித்து அவன் முகம் வெந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக விளையாட்டைத் திறக்கப் பார்த்தான்.

“உங்களை அடையாளம் தெரியவில்லை. இது உங்களுடையதல்ல” என்றது திரை.

அதிலுள்ள ஒவ்வொரு பாத்தியும் அவன் வரைந்தது.

“பாத்தியளா அத்தான், நீங்க சொன்ன திருட்டுப்பய நாந்தான்” என்று கோணிய உதட்டால் சிரித்தான்.

மாசானம் தன் முகத்தைக் காட்டித் திறந்துகொடுத்தான். “வாருங்கள் மாசானம்” என்று வரவேற்றது அது. பிச்சையா திரைமேல் குனிந்து, விளையாட்டில் மழைக்கு முந்தி உப்பை அள்ளத் தொடங்கினான். மாசானம் மெல்ல எழுந்து வாசலுக்கு நழுவப் பார்த்தான்.

“எங்க போறீய? நடுவுல நடுவுல மூஞ்சியக் கேக்கும். பக்கத்துலயே இருங்க.”

சொல்லி முடிப்பதற்குள் கேட்டது. எங்கேயாவது கொண்டுபோய் ஒளித்துவைத்துவிடலாமா என்றிருந்த முகத்தை மாசானம் மறுபடியும் நீட்டினான்.