துவைக்காத கோட்டு

"அண்ணி, சொன்னா பதறக் கூடாது. அந்த ஊமைக்கோட்டான் உங்க அழுக்குக் கோட்டைத் திருடறான்."

எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. சொன்னவள் அவளுடைய நாத்தனார். இவள் எலி பராமரிக்கும் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குத் துணி துவைக்கிற வேலை. ஊமைக்கோட்டான் என்றது, புதிதாக வந்திருக்கும் ஆராய்ச்சிக்காரனை.

"நல்லா பார்த்தியா?"

"இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். கூடை நிறைய கோட்டு கிடக்கு. மோந்து மோந்து பார்த்து உங்களுதை மட்டும் எடுத்துட்டுப் போறான். கருமம்!"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாய்க்கு வாய் 'அக்கா' என்பானே, பாவி!

"வா. கையும் களவுமா பிடிச்சு டைரக்டர்கிட்ட இழுத்துட்டுப் போறேன். இன்னியோட அவன் வேலை காலி."

எலி அறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே, அவளுடைய கோட்டுக்குள் பிதுங்கிக்கொண்டு நின்றிருந்தான் அவன். உள்ளங்கையில் காது வெளுத்த ஓர் எலி. பரிசோதனைக்கு வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக் கொடுத்துவிட்டு, சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"கழட்டுடா அதை!"

அவன் முகம் செத்துப்போயிற்று. எலியைக் கூண்டில் விட்டான். கோட்டைக் கழற்றி நீட்டினான்.

"வெக்கமா இல்ல?" என்றாள் நாத்தனார்.

அவன் கூண்டுக்குள் மறுபடி கையை விட்டான். இதுவரை அதே கையில் குந்தியிருந்த எலி, மூலைக்கு ஓடி ஒடுங்கி, வெடவெடவென்று நடுங்கியது.

"ஐயோ, அதுக்கு என்ன ஆச்சு?" கோபத்தை மறந்து குனிந்தாள் அவள். குட்டியிலிருந்து வளர்த்தவள் அல்லவா?

"ஆம்பளை வாடைன்னாலே மிரளுதுங்கக்கா. அப்பன், ஆத்தா வழியில ரத்தக்கோளாறோட பிறந்ததுங்க. மிரண்டா மூச்சு தாங்காது. போன வாரம் ஒண்ணு என் கையிலயே போயிடுச்சு. உங்க வாசனை இருந்தா, தானா வந்து ஏறிக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?"

"துவைக்காத கோட்டைக் குடுங்கன்னு ஒரு பொம்பளைகிட்ட எப்படிக்கா கேக்கறது?"

அவள் கோட்டை அவன் தோளில் போர்த்திவிட்டு, நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இனிமே என் கோட்டுல துளி சோப்பு பட்டுச்சு... நடக்கறதே வேற!"