ஒற்றைக் கிலுகிலுப்பை

"அடப்பாவி! இன்னாடா பண்ணி வெச்சுக்கீற?"

மீன் கூடையைப் போட்டது போட்டபடி மணல்மேட்டில் ஏறி ஓடினாள் மலர்.

அன்றைக்குக் காவல் அவள் முறை. ஏலத்துக்குப் போய் ஒரு எட்டில் திரும்பிவிடலாம் என்று போனாள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. செடி நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு வேலிக்காத்தான் முள் வெட்டிக் குவித்துக் கிடந்தது. பக்கத்தில் ஜேசிபி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற தவசிமுத்து, தூத்துக்குடிப் பக்கத்து ஆள், கல்லு மாதிரி மேலே உட்கார்ந்திருந்தான்.

ஜாண் உயரத்தில் ஒரே ஒரு செடி. அதற்குத்தான் நெட்டுக்குப்பத்துப் பெண்கள் முறை போட்டுக் காவல் இருந்தார்கள்.

காலேஜில் செடிகொடிப் பாடம் எடுக்கும் ஞானசெல்வி டீச்சர், அதன் மஞ்சள் பூவைப் பார்த்த அன்றே மணலில் மண்டி போட்டுவிட்டார்.

"கிலுகிலுப்பைச் சாதிதான் மலர். ஆனா இந்த வகையை யாரும் பார்த்து வருஷக்கணக்காச்சு. பூவை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. காய் முத்தணும், விதையைப் பார்க்கணும்."

"அதுவரிக்கும் தாங்குமா டீச்சர்?"

"மழைக்கு முளைக்கும், தையில பூக்கும், காய் வெடிச்சதும் செத்துப்போகும். விதை மணலுக்குள்ள தூங்கி அடுத்த மழைக்கு எழுந்துக்கும். அவ்ளோதான் அதோட ஆயுசு. காய் முத்தறவரைக்கும் காப்பாத்திக் குடுங்க, ரோடு போட இந்த மேட்டை இடிக்காம கோர்ட்டுல தடை வாங்கிடலாம்."

மேடு போனால் கடலுக்கும் மலர் வூட்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. போன புயலுக்கே அலை வாசல்வரை வந்துவிட்டது.

"இன்னிக்குத்தான்டா டீச்சர் காய் பறிக்க வராங்கோ! கீழ எறங்குடா கய்தே!"

இறங்கினான். பளாரென்று விட்டாள் ஒரு அறை.

ரோடு கம்பெனி சூப்பர்வைசர் ஜெகதீசன் நிழலில் நின்றபடி சிரித்தார். "அவனை ஏம்மா அடிக்கறே? நான்தான் செடியை நசுக்கிட்டு முள்ளைக் கொட்டச் சொன்னேன். டீச்சரம்மா வந்து தேடட்டும்."

தவசிமுத்து அவரையும் பார்த்தான், மலரையும் பார்த்தான். சோற்றில் உப்புப் போட்டுத் தின்கிறவனாக இருந்தால்தானே உறைக்கும்!

ஓடிவந்த பெண்கள் ஆத்திரத்தில் முள் குவியல்மேல் ஏறப் போனார்கள். அப்போதுதான் வாய் திறந்தான்.

"யக்கா, மேல ஏறி மிதிக்காதிய. முள்ளு குத்திரும்."

"எங்க காலு மேல இன்னா அக்கற பாரு இந்தப் பேமானிக்கு!"

மலர் ஒரு கை மணலை வாரி அவன் முகத்தில் வீசினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

டீச்சர் வந்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"விதை விழறதுக்கு முன்னாடியே நசுங்கியிருந்தா, அடுத்த மழைக்கு முளைக்க ஒண்ணுமே இல்ல மலர். எல்லாம் போச்சு."

மலர் குவியலிடம் பாய்ந்தாள். வெறுங்கையால் முள்ளைப் பிடித்து இழுத்தாள். கை கிழிந்து ரத்தம் வந்தது. தவசிமுத்து உதவிக்கு வந்தான்.

"தொட்டே, கைய ஒடிச்சுருவேன்!"

ஒதுங்கிக்கொண்டான். பெண்கள் கிளை கிளையாக இழுத்துப் போட்டார்கள். அடியில் நீலமாக ஏதோ தெரிந்தது.

கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் மீன் பெட்டி. பாரம் அழுத்தாமல் இருக்கச் சுற்றிலும் கருங்கல் அண்டக் கொடுத்திருந்தது.

டீச்சர் பெட்டியைத் தூக்கினார். ஓர் இலைகூடக் கசங்காமல் நின்றது செடி. மஞ்சள் பூ இரண்டு, முத்திய காய் ஒரு கொத்து.

ஜெகதீசன் முகம் கறுத்தது. "டேய்! நான் டீ குடிச்சுட்டு வரதுக்குள்ள என்கிட்டயே வேலை காட்டிட்டியா? சாவியைக் குடுத்துட்டு ஊரப் பாத்துப் போயிடு!"

தவசிமுத்து சாவியைக் கொடுத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கன்னத்தில் மலரின் விரல் ஐந்தும் பதிந்திருந்தது.

அவன் தயங்கித் தயங்கி மலர் பக்கத்தில் வந்தான்.

"யக்கா, அந்தப் பெட்டிய ஏலக்கூடத்துல குடுத்திருதியளா? கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன். என்னயக் கெட்டவன்னு நெனச்சிரப் போறாவ."