செருப்பின் உயரம்

என் மகள் வாசுகிக்காக மாப்பிள்ளை வீடு பார்க்கச் சென்றிருந்தோம். என் வலக்கால் செயற்கைக்கால் என்பதை அவர்களிடம் இன்னும் தெரிவிக்கவில்லை.

அதைப் பொருத்தியவர், “செருப்போட உயரத்துக்குத்தான் சரிபண்ணிருக்கேம்மா. கழட்டினா பின்னால சாஞ்சிடுவீங்க,” என்று எச்சரித்திருந்தார்.

இப்போது அவர்கள் வாசலில் நின்ற எனக்குப் பின்னால் மூன்று படிகள் இருந்தன.

“வாங்க சம்பந்தி, செருப்ப அங்கயே விட்ருங்க,” என்றார் குங்குமத் தட்டுடன் வாசலுக்கு வந்த மாப்பிள்ளையின் தாய்.

“சொல்லிரலாம்க்கா,” என்று என் தங்கை காதருகே கெஞ்சினாள்.

“கல்யாணம் நின்னுடும்டி. சும்மா இரு.”

இரண்டு செருப்புகளையும் கழற்றினேன். உடல் மெல்லப் பின்னால் சாயத் தொடங்கியது. கதவைப் பிடிக்க அவசரமாகக் கையை நீட்டினேன்.

“குங்குமம் எடுத்துக்கோங்க,” என்று சிரித்தபடி, அந்தக் கையில் அவர் தட்டை வைத்தார்.