போயாவுக்கு ஒரு கை

"போயா நாள்லயா? விசராடா உனக்கு?" என்றார் ஹரிசன்.

ஸ்ரான்லி கதிரையை முன்னுக்கு இழுத்தார். உடனே பின்னுக்குத் தள்ளினார். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஐம்பது வருஷம் ஆவதை வகுப்பாகக் கொண்டாட வேண்டும். அதற்கான ஏற்பாட்டுக் குழு அவர்கள் மூன்று பேர்தான். வெள்ளவத்தையில் ஹரிசனின் ஃபிளாட்டில் கூடியிருந்தார்கள். மண்டபம் சரி. திகதிதான் இழுபட்டது: ஓகஸ்ட் மாத நிக்கினிப் போயாவா, அதற்கு அடுத்த சனிக்கிழமையா?

"போயாண்டா எல்லாருக்கும் லீவு. மெயின் ரோட்டில ட்ராஃபிக் இல்ல. கார் விடவும் இடமிருக்கும்," என்றார் ஸ்ரான்லி.

உண்மைக் காரணம் வேறு. முழுநிலா நாளான போயாவில் நாடு முழுக்கச் சாராயக் கடைகள் பூட்டு. மண்டபத்திலும் போத்தல் திறக்க விடமாட்டார்கள்.

ஸ்ரான்லி ஒவ்வொரு தவக்காலத்துக்கும் குடியை நிறுத்துபவர். ஈஸ்டர் அன்று மத்தியானமே தொடங்கியும் விடுவார். இந்த முறை ஈஸ்டர் போன பிறகும் தொடவில்லை. மகள் தன் பிள்ளையை அவரிடம் தனியே விடத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். ஒரு கிளாஸ் உள்ளே போனால் அத்தனையும் போய்விடும்.

நண்பர்களிடம் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஆனால் குடிக்கிற சபை வேலை செய்யும் விதம் வேறு. ஒருநாளும் குடிக்காதவனை அது கவனிக்காது, விட்டவனைத்தான் விடாது. 'ஒண்டே ஒண்டு' என்று ஆளுக்கு ஆள் ஊற்றுவார்கள். அதிலும் முதல் ஆளாக நிற்பவர் ஹரிசன். அந்த வகுப்பில் அவர் இல்லாமல் திறந்த போத்தலே கிடையாது.

"ட்ராஃபிக்க விடு. வேற காரணம் சொல்லு," என்றார் ஹரிசன்.

"கனடாவால வாறவங்கள் வெளிச்சக்கூடு பாக்கலாம்."

"அது மே மாச வெசாக்குக்கடா. இது நிக்கினி. வேற?"

ஸ்ரான்லி பிளேன் டீக்குச் சீனி போட்டுக் கலக்கினார். கலக்கியதையே திரும்பவும் கலக்கினார்.

மூன்றாமவரான சஜீத் எழும்பப் பார்த்தார். "கையத் தூக்கி முடிச்சிருவமா? எனக்கு அஸர் தொழுகைக்குப் போகணும்."

"பொறுடா, இவன் சொல்லி முடிக்கட்டும்," என்று ஹரிசன் அவரைப் பிடித்து இருத்தினார். "சொல்லு ஸ்ரான்லி. நல்லா யோசிச்சுச் சொல்லு."

எல்லாம் நக்கல். ஸ்ரான்லிக்குக் காது சுட்டது. ஆனாலும் அவர் ஒரு கணக்கோடுதான் வந்திருந்தார். மூன்று பேரில் இரண்டு கை போதும். சஜீத் வாழ்க்கையில் சாராயத்தை முகர்ந்தும் பார்க்காதவர். அவருடைய கை எங்கே போகும்?

"சரி, சனிக்கிழமைக்கு ஆர்?" என்று கேட்ட ஹரிசன், பதிலுக்குக் காத்திராமல் தன் கையை உயரத் தூக்கினார்.

சஜீத்தும் தூக்கினார்.

"நீதான் குடிக்கிறேல்லையேடா," என்று ஸ்ரான்லியின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"குடிக்கிறல்லதான். ஆனா புரியாணி என்ட பொறுப்பு. போயாண்டா எறச்சிக் கடையும் மூடித்தானே ஈக்கும்? மொத நாள் வாங்கி ஐஸ்ல வெச்ச ஆட்டெறச்சில ஆக்கச் சொல்றியா? எனக்கேலா மச்சான்."

போயா இரண்டு கடைகளைப் பூட்டும். ஸ்ரான்லி ஒன்றைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தார். ஹரிசனோ தூக்கிய கையை இறக்காமல் சஜீத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சஜீத் தொழப் போய்விட்டார். ஸ்ரான்லியும் டீயைக் குடிக்காமலே வெளியே வந்து லிஃப்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு எல்லோரும் வருகிற நாளில், தான் மட்டும் வரவில்லை என்று குரூப்பில் எப்படிப் போடுவது?

பின்னால் செருப்புச் சத்தம். ஹரிசன்.

"எப்ப விட்டனீ?"

மறைத்துப் பயனில்லை. "தவக்காலத்தில. தயவுசெய்து எனக்கு ஊத்தாத, ஹரி."

"இன்னும் ரெண்டு காரணம் கொண்டு வந்திருக்கலாமேடா."

ஸ்ரான்லிக்குப் பொறுக்கவில்லை. "நீதானே விடாமக் கத்தினனீ?"

வேறு யாரும் இல்லை என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஹரிசன் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் விட்டிட்டன் மச்சான், சஜீத்தின்ர கையோட நீ வெல்லுவாய் எண்டு நம்பித்தான் பேருக்குக் கத்தினனான்."