மூன்றாவது செட்

என் ரசிகர் சங்கக் கூட்டத்தின் முடிவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். அதுவரை நான் வந்திருப்பது யாருக்கும் தெரியக் கூடாதென்று திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு ஆம்ப்ளிஃபையர் செட்டுகள். போன வருஷம் பக்கவாத்தியம் இல்லாமல் நான் பாடிப் பதிவு செய்த விருத்தத்தை அவற்றில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எது உசத்தி என்று திரைக்கு அந்தப் பக்கம் ஒரே சண்டை.

“முதல் செட்ல அம்மா மூச்சு விடுறதுகூடக் கேக்குது” என்றார் ரசிகர் சங்கத் தலைவர் வைத்தீஸ்வரன்.

“போங்க சார், ரெண்டாவதுலதான் அம்மா உயிரோட இருக்காங்க” என்று இன்னொருவர் கத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறேனே! இரண்டு செட்டையும் அணைத்துவிட்டு, அதே விருத்தத்தை நானே வாய்விட்டுப் பாடினேன். முடியும்வரை அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“எந்தக் கழுதை இந்த டப்பா செட்டைப் போட்டது?” என்றார் வைத்தீஸ்வரன். “அம்மா குரல்ல ஏதுய்யா இவ்வளவு கரகரப்பு?”

திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் பொன்னாடையை என் தோளில் போர்த்திவிட்டுக் கைகூப்பினார்.

“நீங்களே சொல்லுங்கம்மா. கடைசியா ஓடுனது உங்க குரலா?”