பாதியில் நின்ற கைகள்

இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினாள். அப்படியே அசையாமல் நின்றாள்.

போன் கம்பெனி ஷோரூம் கவுண்டரில் இருந்த மெர்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. எதிரே நின்றவள் தன் காதைத் தொட்டு, இல்லை என்று விரலை ஆட்டியதும் சிரிப்பு அடங்கியது.

போனில் அவள் புருஷன் இப்படித்தான் நின்றுவிட்டான். அதைத்தான் நடித்துக் காட்டுகிறாள்.

கல்யாணமான புதிது. அவனுக்கும் காது கேட்காது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, நண்பர்களோடு ஒரே அறையில் நெருக்கியடித்துத் தங்கல். இவள் திருநெல்வேலியில் மாமியாரோடு. சாயங்காலமானால் வீடியோவில் முகம் பார்த்து, கையால் பேசிக்கொள்வார்கள்.

போன வாரம் போன் கம்பெனியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பிளான் இலவசமாக உயர்கிறது, எல்லாமே கூடுதல், ஒன்றை அமுக்குங்கள்.

அமுக்கினாள். சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்?

கூடத்தான் செய்தது. நாள் முழுக்கப் பேசலாம். காலர் ட்யூன் வேறு இலவசம். காது கேட்காதவளுக்கு இதைவிடப் பெரிய பரிசு யார் கொடுப்பார்கள்!

நெட்டின் வேகத்தை மட்டும் சத்தமில்லாமல் குறைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம்தான் அவள் அவனிடம் கேட்டாள். நானும் அங்கேயே வந்துவிடட்டுமா?

அவன் கைகளைத் தூக்கினான்.

படம் உறைந்தது.

அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் அதே கதை. எழுதி அனுப்பு என்றாள். வீடியோவில்தான் சொல்வேன் என்று எழுதினான். எழுத்து இருவருக்கும் பள்ளிக்கூடத்துப் பாஷை. கோபமும் கொஞ்சலும் கையில்தான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் முகம் பார்க்க வேண்டுமோ? அவளுக்குப் பயமாக இருந்தது.

மெர்சி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினாள். பழைய பிளானுக்குத் திரும்ப, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு வாயால் சொல்ல வேண்டும். அதுதான் ரூல்.

சேர ஒரு விரல் போதும். விலக வாய் வேண்டுமாம்.

அவள் தாளைத் திருப்பித் தள்ளினாள். இடத்தை விட்டு நகரவில்லை.

மெர்சி, கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். எதிரே நின்றவளின் போனை வாங்கி நம்பரை அழுத்தினாள்.

அவள் மெர்சியின் உதடுகளையே பார்த்தாள். தன் பெயரை எந்த உதட்டிலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"சுகந்திதான் பேசுதேன்."

சுகந்தி கவுண்டரை நெருங்கி நின்றாள். அவள் பெயரில் ஒருத்தி வாய் திறந்து பேசுகிறாள்.

அந்தப் பக்கம் யாரோ மறுத்திருக்க வேண்டும். மெர்சியின் நெற்றி சுருங்கியது. சும்மா கிடந்த இடது கை மேசையை விட்டு எழுந்தது. காற்றை வெட்டியது. விரிந்து நின்று, யாரைக் கேட்டுக் குறைத்தீர்கள் என்று கேட்டது. கோபம் வந்தால் காது கேட்கிறவர்களுக்கும் கை பேச வந்துவிடுகிறது.

சுகந்திக்கு ஒன்று விடாமல் புரிந்தது.

கடைசியில் அந்தக் கை கட்டைவிரலைத் தூக்கியது.

சுகந்தி போனை வாங்கி அணைத்துப் போட்டு, அங்கேயே நின்று அவனைக் கூப்பிட்டாள்.

வந்தான். முடியில் வெள்ளைச் சுண்ணாம்புத் துளிகள். புருவத்தில்கூட ஒன்று. அவ்வளவு தெளிவாக வந்தான்.

அவன் கையைத் தூக்கவில்லை. போனைத் திருப்பினான்.

நண்பர்கள் யாரும் இல்லை. அந்த அறையும் இல்லை. புதிதாக வெள்ளையடித்த சுவர். அட்டைப்பெட்டி பிரிக்காத கேஸ் அடுப்பு. கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்ப்.

வாசலுக்கு வெளியே கையை நீட்டி, காலிங் பெல் சுவிட்சை அமுக்கினான்.

பல்ப் எரிந்தது.

மெர்சி எட்டிப் பார்த்தாள். மணிக்குப் பதில் விளக்கு எதற்கென்று அவளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உள்ளே இருந்து கதவைத் திறக்கிறவளுக்குக் காது கேட்காதே.

அவன் மறுபடி அமுக்கினான். மறுபடி எரிந்தது.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் சுகந்தி கையைத் தூக்கினாள்.

இல்லாத தாழ்ப்பாளை மெல்ல விலக்கினாள்.